நாற்பத்தெட்டு நாள் குட்டு

தாமோதரனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. வேலை கிடைப்பது இருக்கட்டும். நேரில் வாப்பா, உன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிறோம் என்றுகூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பதினான்கு மாதங்களில் அறுபத்தொரு விண்ணப்பங்கள். அறுபத்தொன்றுக்கும் ஒரே பதில். 'தங்கள் நகலுடன் உரையாடியதில் மகிழ்ச்சி. தற்சமயம் தங்களை நேர்முகத்துக்கு அழைக்க இயலவில்லை.'

அந்த 'மகிழ்ச்சி'யைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நகலோடு பேசியது ஓர் இயந்திரம். பேசிய நேரம் நான்கு வினாடி. இதில் யாருக்கு என்ன மகிழ்ச்சி?

முன்பெல்லாம் வேலை தேடுகிறவர் தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் எழுதி அனுப்புவாராம். நல்லதை மட்டும் எழுதிக்கொள்ளலாமாம். கொடுத்து வைத்தவர்கள். இப்போது பதினெட்டு வயது தாண்டிய எல்லோருக்கும் தொழிலாளர் துறையில் ஒரு நகல் உண்டு. பல வருடத்து ஃபோன் பேச்சு, குறுஞ்செய்தி, வேலைக் குறிப்பு எல்லாவற்றையும் கொட்டிப் பிசைந்து செய்தது. ஒரு கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்களோ, அதையே உங்கள் குரலில் அது சொல்லிவிடும். கம்பெனிக்காரர்களின் இயந்திரம் அதனிடம் நூற்றுப்பத்து கேள்விகள் கேட்கும். மனிதர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருடைய நகல் ஓசூரில் ஒரு வேலைக்கும் ஒரகடத்தில் ஒரு வேலைக்கும் பதில் சொல்லித் தோற்றுக்கொண்டிருக்கும்.

தாமோதரன் கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கடைசிச் சோதனை மேஜையில் இருந்தவர். அவர் கைபட்டு, அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் மோட்டார் பெட்டிக்குள் போகும். தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குக் கிளம்பியபோது மேஜை போனது, இவர் போகவில்லை. இன்னும் நான்கு மாதத்தில் அவருக்கு ஐம்பது நிறைகிறது. ஐம்பது நிறைந்தால் நகல் 'மூத்தோர்' பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும் கம்பெனி கோயமுத்தூர் ஜில்லாவில் கிடையாது. அதற்குள் ஒருவராவது கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் போதும், மற்றதை நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம்.

மனைவி சுலோச்சனாதான் ரெஜினாவின் கடையைக் கண்டுபிடித்தாள். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கடை காந்திபுரத்தில், ஒரு ஜூஸ் கடைக்கு மேல் மாடி. 'செதுக்கல் நிலையம். நேர்முகம் உறுதி' என்று பலகை. உறுதிக்குக் கீழே, கண்ணாடி போட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'முயற்சி செய்யப்படும்' என்று இருந்தது. தாமோதரன் கண்ணாடி போட்டுப் பார்க்கிற ஆள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ரெஜினாவுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாமல் திரையைத் திருப்பி வைத்தாள். "உங்க நகல் என்ன சொல்லுதுன்னு நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"

"அது என்னத்தைச் சொல்லும்? நான் சொல்றதைத்தான் சொல்லும்."

"கேளுங்க."

'உங்கள் பலம் என்ன?' என்று இயந்திரம் கேட்டது. தாமோதரனின் குரல் பதில் சொன்னது: 'எதையும் ரெண்டு தடவை பாப்பேனுங்க. சென்னியண்ணன் போனதுக்கு அப்புறம் அப்படித்தானுங்க.'

'குழுவாக வேலை செய்த அனுபவம்?'

'சென்னியண்ணனாட்டம் ஒரு ஆளு கூட இருந்தாப் போதுமுங்க.'

'ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?'

'அதையெல்லாம் யாருங்க சொல்ல முடியும்? சென்னியண்ணன் அன்னிக்கு மத்தியானச் சோத்தைக்கூட உண்கலீங்க.'

ரெஜினா நிறுத்தினாள். "நூத்திப்பத்து கேள்வி சார். எழுபதுல இவர் வந்துடறாரு. யாரு சார் இவரு?"

தன் குரலைத் தானே கேட்பது தாமோதரனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு சொன்னார்.

"பதினோரு வருஷம் ஆச்சுங்க. ஒரு புதன்கிழமை. ஏழரை எச்.பி. மோட்டார் ஒண்ணு மேஜைல இருந்துது. மின்சாரம் மேல கசியுதான்னு மெக்கர் வெச்சுப் பாப்பமுங்க. முள்ளு ஒரு ஆட்டம் ஆடுச்சு, அப்புறம் நேரா நின்னுக்கிச்சு. ஆடுனா இன்னொருதரம் வெச்சுப் பாக்கோணும். சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க. எங்கூட வேலை பாத்த சென்னியண்ணன் பக்கத்துல தண்ணித் தொட்டிகிட்ட நிக்கறாரு. 'நீ போயி சோறு உண்டுட்டு வா தாமு, நான் இதை ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்'னாரு. நான் அட்டையில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டனுங்க. ரெண்டாவது தடவை பாக்கலை. ஈரக் கையோட மோட்டாரைத் தொட்டிருக்காரு. அவர் தூக்குவாளி அப்படியே இருந்துதுங்க. கொள்ளுப்பருப்பு."

"உங்க மேல கேஸ் ஏதாச்சும்?"

"இல்லீங்க. விசாரணையில நானேதான் சொன்னேன். ஒரு மாசம் வெளிய நிக்க வெச்சாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு மோட்டாரையும் ரெண்டு தடவை பாத்தேன். ஆடாத முள்ளா இருந்தாலும் ரெண்டு தடவை."

ரெஜினா இதுபோல நிறையக் கேட்டவள். ஆனாலும் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் பேசினாள். "சார், மெஷினுக்கு இதெல்லாம் எப்படிப் படுதுன்னா, இவர் மெதுவான ஆளு, மனசுல பாரம் இருக்குது, நாளைக்கு நம்ம பேர்லயும் எதையாவது விசாரணையில போயி ஒப்பிப்பாரு. அவ்வளவுதான். சென்னியண்ணனை எடுத்துரலாம். அந்த ரெண்டு தடவை பாக்கறதையும் எடுத்துரணும். ரெண்டும் ஒரே வேருங்க சார், ஒண்ணை விட்டா இன்னொண்ணு முளைச்சுரும்."

"எடுத்தா கூப்பிடுவாங்களா?"

"உங்க அனுபவத்துக்குக் கண்டிப்பா கூப்பிடுவாங்க. ஆனா இன்னொண்ணு இருக்குது." அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொத்தானை எடுத்து வைத்தாள். "மொதல்ல அவனவன் நகலை நல்லா மினுக்கி அனுப்பிச்சுட்டு, நேர்ல போயித் திருதிருன்னு முழிச்சான். அதனாலதான் கம்பெனி கேட்டுல ஒப்புமைச் சோதனைன்னு வெச்சிருக்காங்க. போய் உக்காந்தா அஞ்சு நிமிஷம் உங்களோட பேசும். நீங்களும் நீங்க அனுப்புன நகலும் நூத்துக்குத் தொண்ணூறு ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா கேட்டோட திரும்ப வேண்டியதுதான்."

"அப்ப நகலைச் செதுக்கினா..."

"நீங்களும் செதுக்கிக்கணும் சார். ஒரு மண்டலம்."

அந்தப் பொத்தானுக்கு ஊரில் குட்டு என்று பெயர். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். செதுக்கிய நகல் செய்யாத ஒன்றை நீங்கள் செய்யப்போனால், பேசப்போனால், மண்டையில் சின்னதாக ஒரு தட்டு தட்டும். வலிக்காது. ஆனால் நாற்பத்தெட்டு நாள் தட்டினால் எதுவும் வழிக்கு வந்துவிடும். மலைக்கு மாலை போட்டவரிடம் நடந்துகொள்வதைப் போலத்தான் குட்டு போட்டவரிடமும் இப்போது ஜனங்கள் நடந்துகொள்கிறார்கள். பழைய கதையைக் கிளறமாட்டார்கள். "மண்டலத்துல இருக்காருப்பா" என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள்.

ரெஜினா அன்றைக்கே செதுக்கிய நகலைப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பி வைத்தாள். தாமோதரன் காதுக்குப் பின்னால் குட்டை ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கும்போது உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார், ஏதாவது விட்டுவிட்டோமா என்று. டக் என்று ஒரு தட்டு.

முதல் வாரம் பாடாய்ப் படுத்தியது. வீட்டைப் பூட்டிவிட்டு அவர் எப்போதும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். இரண்டாவது முறைக்குக் கை போகும்போதே தட்டும். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பார், தட்டும். காப்பி குடிக்கும்போது "சென்னியண்ணன் இருந்தா" என்று ஆரம்பிப்பார், தட்டும். மூன்றாவது வாரத்தில் ஆரம்பிப்பதே நின்றுபோனது.

சுலோச்சனாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? பதினோரு வருடம், இறந்துபோன அந்த மனிதர் இந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தார். கல்யாணத்துக்குப் போனாலும் வருவார், சினிமாவுக்குப் போனாலும் வருவார். கொள்ளுப்பருப்பு கடைந்தால் அன்றைக்கு முழுக்கதையும் முதலிலிருந்து வரும் என்பதால் அவள் கொள்ளு வாங்குவதையே விட்டிருந்தாள். இப்போது வாங்கினாள். கடைந்து போட்டாள். தாமோதரன் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குது" என்று எழுந்து போனார்.

அவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. தட்டைக் கழுவும்போது ஏனோ அழுகை வந்தது.

பிறகு அவள்தான் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அடுப்பையும் அவள்தான் மறுபடி போய்ப் பார்த்தாள். யாராவது ஒருவர் பார்க்காவிட்டால் வீட்டுக்கு ஏதோ ஆகிவிடும் என்று அவளுக்கே பழகிப்போயிருந்தது.

முப்பத்தோராம் நாள் ஒரு ஃபோன் வந்தது. ஒண்டிப்புதூரிலிருந்து சென்னியப்பனின் மனைவி தெய்வானை. "ஏனம்மா சுலோச்சனா, தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னிக்கு வருவாப்லன்னு காத்திருந்தேன்."

சென்னியப்பன் இறந்த நாள். வருடா வருடம் தாமோதரன் அன்றைக்குக் காலையிலேயே போய்விடுவார். அந்த வீட்டு மின்விசிறி, மிக்ஸி, தண்ணி மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி, சோதித்து, மாட்டிவிட்டுத்தான் வருவார். சுலோச்சனா கூடத்தை எட்டிப் பார்த்தாள். தாமோதரன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இன்னிக்கு என்ன நாளு?"

"சனிக்கிழமை. ஏன்?"

அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. சுலோச்சனா செருப்பை மாட்டிக்கொண்டு தானே ஒண்டிப்புதூருக்கு பஸ் ஏறினாள். மண்டலம் முடிய இன்னும் பதினேழு நாள் இருக்கிறது, முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். எப்படிச் சரியாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் கடிதம் வந்தது.

மதுக்கரைப் பக்கம் நீர்மகள் பம்ப்ஸ். கடைசிச் சோதனைப் பிரிவு. 'தங்களை நேர்முகத்துக்கு அழைப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி.' தாமோதரன் ஒருமுறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பழைய தாமோதரனாக இருந்தால் அதை வெளிச்சத்தில் ஒருமுறை, கண்ணாடி போட்டு ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை பார்த்து, மூலையில் இருக்கும் எண்ணைக்கூட நோட்டில் குறித்து வைத்திருப்பார். ஆனால் அந்தத் தாமோதரனைத்தான் வெட்டி எடுத்தாகிவிட்டதே. சுலோச்சனா சந்தோஷத்தில் ரெஜினாவுக்கு ஃபோன் செய்து நன்றி சொன்னாள். ரெஜினாவும் "நான் சொன்னனில்லைங்க" என்று மகிழ்ந்தாள். கடிதத்தின் மூலையில் இருந்த எண்ணை மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே தாமோதரன் போய்விட்டார். கேட்டை ஒட்டிய அறையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சித்ரகலா என்று மேஜையில் பெயர். இவரை ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைத்தாள்.

"சாதாரணமாப் பேசுங்க சார், அஞ்சு நிமிஷம்தான்."

ஒரு குரல் கேட்டது. 'காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன செய்தீர்கள்?'

"கதவைப் பூட்டினேன். பஸ் ஏறினேன்."

'இன்று மதியம் என்ன சாப்பிடப் போகிறீர்கள்?'

"என்ன கிடைக்குதோ அது."

எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. குட்டு ஒருமுறைகூடத் தட்டவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது. வெளியே வந்தபோது சித்ரகலா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐம்பத்தெட்டு சார்."

"எதுக்குங்க ஐம்பத்தெட்டு?"

"ஒப்புமைங்க சார். தொண்ணூறு வேணும். இது..." அவள் தயங்கினாள். "இந்த மாதிரி வந்தா, வந்திருக்கறது வேற ஆளுன்னு மெஷின் அர்த்தம் பண்ணிக்கும்."

தாமோதரன் கடிதத்தை எடுத்து நீட்டினார். "நான் ஒரு மண்டலம் இருந்தேனுங்க. ஒருநாள்கூட விடலை."

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். மூலையைக் காட்டினாள். "இது நீங்க மூணு மாசம் முன்னால போட்ட விண்ணப்பம் சார். ஐம்பத்தொன்பதாவது. அன்னிக்கு இருந்த நகலை அதோட சீல் வெச்சிருப்பாங்க. அதோடதான் ஒப்புமை பாக்கும். அதுக்கப்புறம் செதுக்குனீங்களா?"

"ஐம்பத்தொன்பதுக்கு இயலவில்லைன்னு பதில் வந்துதுங்களே."

"மெஷின் ஒதுக்கிருச்சுங்க. ஒதுக்கினதை எல்லாம் எங்க சோதனைப் பிரிவு வைஜெயந்தி மேடம் வெள்ளிக்கிழமையில உக்காந்து படிப்பாங்க. அவங்க கையால எடுத்தது இது. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் எடுப்பாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு தடவை உக்காரலாம் சார். பன்னெண்டு மணிக்குள்ள. அதுக்கப்புறம் ஃபைல் தானா மூடிக்கும், மேடமே நினைச்சாலும் திறக்க முடியாது."

மணி பத்து ஐம்பது.

கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. தாமோதரன் அதில் உட்கார்ந்து ரெஜினாவைக் கூப்பிட்டார். அவள் கேட்டுவிட்டு "ஐயோ" என்றாள். பிறகு நிதானமாக, "ஒரு மணி நேரத்துல திரும்ப முடியாதுங்க சார். திரும்பறதுக்கும் ஒரு மண்டலம் வேணும். இதை விட்டுருங்க. புதுசுல பன்னெண்டு போயிருக்குது, அதுல ஒண்ணு கண்டிப்பா வரும். அந்த ஆளா இப்ப நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. விட்டுவிடலாம். ஐம்பது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்று வரக்கூடும். ஆனால் அறுபத்தொரு பேர் வேண்டாம் என்ற மனிதனை ஒருத்தி குப்பையிலிருந்து கையால் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அந்த மனிதன் வந்து உட்கார்ந்தால் பார்க்கலாம் என்று உள்ளே காத்திருக்கிறாள். அவன்தான் வரவில்லை. இதை நினைத்தபோது தாமோதரனுக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனதற்குக்கூட அவர் இப்படி வெட்கப்பட்டதில்லை.

குட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு சென்னியண்ணனை நினைத்துப் பார்த்தார். பெயர் வந்தது. இறந்துபோனார் என்பது வந்தது. செய்தித்தாளில் படித்த யாரோ ஒருவரைப் போல வந்தது. மற்றது எதுவும் வரவில்லை. கிட்டே போனால் மண்டையே தானாக ஒரு தட்டு தட்டித் திருப்பி அனுப்பியது.

மணி பதினொன்றே கால். சுலோச்சனாவைக் கூப்பிட்டார். பின்னால் பல் துளைக்கும் சத்தம் கேட்டது.

"சுலோ, தப்பு நடந்துபோச்சு. அவங்க கூப்பிட்டது பழைய ஆளை. நான் முக்கால் மணி நேரத்துல அந்த ஆளா ஆகணும். எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. சென்னியண்ணன் கதையை எனக்குச் சொல்லு."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ, "ஒரு நிமிஷம் உக்காருங்க, இதோ வந்துர்றேன்" என்று சொல்வது கேட்டது. கதவு சாத்தும் சத்தம். துளைக்கும் சத்தம் அடங்கியது.

"சொல்றேன், கேளுங்க" என்றாள். "அது ஒரு செவ்வாய்க்கிழமை."

தாமோதரன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேஜைல ஒரு அஞ்சு எச்.பி. மோட்டார் இருந்துது. மெக்கர் வெச்சீங்க. முள்ளு நேரா நின்னுது."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நேரா நின்னுச்சா?"

"ஆமாங்க, நேராத்தான். சென்னியண்ணன் உங்ககிட்ட 'சீக்கிரம் கிளம்பு, எனக்குப் பசிக்குது'ன்னாரு. அவரு புளிச்சோறு கொண்டாந்திருந்தாரு."

"இல்ல" என்றார் தாமோதரன். "புளிச்சோறு இல்ல."

"புளிச்சோறுதானுங்க. நீங்கதான சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்? கொள்ளுப்பருப்பு. தூக்குவாளிய நான்தான தெய்வானக்காகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன்." அவர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "அவரு எங்க பசிக்குதுன்னாரு? என்னையத்தான உண்கச் சொன்னாரு. சோறு உண்டுட்டு வா தாமுன்னாரு. அஞ்சு எச்.பி.யுமில்ல, ஏழரை. அஞ்சுக்கு எதுக்கு அந்தத் தொட்டிக்குக் கொண்டுபோறோம்?"

"சரி, ஏழரைன்னே வெச்சுக்குங்க. முள்ளு நேரா நின்னுது, அதனால நீங்க போயிட்டீங்க. உங்க மேல என்ன இருக்குது? அட்டைல கையெழுத்துக்கூட அவராத்தான் போட்டுக்கிட்டாரு."

"ஏ சுலோச்சனா!"

ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார் தாமோதரன். "முள்ளு ஆடுச்சு. நான் கண்ணால பாத்தேன். இன்னொருக்கா வெச்சுப் பாத்திருக்கணும், பாக்கலை. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவரு மேல போடாத..." வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, ஐம்பதை நெருங்கும் மனிதர், நடுரோட்டில் வாய்விட்டு அழுதார். பதினோரு வருடத்தில் இந்தக் கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட அழுததில்லை.

"என்ன மாசம் இது?" என்று அவர் திடீரென்று கேட்டார். "அவரு நாளு... சுலோ, அன்னிக்கு சனிக்கிழமை நீ கேட்டது..."

"நான் போயிட்டு வந்துட்டனுங்க. மின்விசிறி நல்லாத்தான் ஓடுது. மிக்ஸியை மட்டும் நீங்க வந்து பாப்பீங்கன்னு சொல்லியிருக்கேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மனதில் எதுவோ இடிக்கிறது என்பதுபோல, "அதெப்படி உனக்குச் செவ்வாய்க்கிழமைன்னு தோணுச்சு?" என்றார்.

"ஏனுங்க, பதினோரு வருஷமா கேட்டவளுக்குப் புதன்கிழமைன்னு தெரியாதுங்களா?" என்றாள் சுலோச்சனா. "தப்பாச் சொன்னா உங்களால சும்மா இருக்க முடியுமா? போங்க, மணியாகுது."

ஃபோனை வைத்தும் வைக்காமலும், அவள் தனக்குள் முனகியது அவருக்குக் கேட்டது. அதுவும் ஓர் அழுகைதான்.

பதினொன்று நாற்பதுக்கு அவர் மறுபடி கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தார்.

'காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன செய்தீர்கள்?'

"கதவைப் பூட்டினேனுங்க. ஆனா இழுத்துப் பாக்கலை. சம்சாரம் எனக்கு முன்னாலயே வேலைக்குப் போயிட்டா, அதனால அவளும் பாத்திருக்க மாட்டா. இப்ப அதுதானுங்க மனசுல ஓடிட்டிருக்குது. கேஸ் அடுப்பையும் ஒருக்காத்தான் பாத்தேன்."

'இன்று மதியம் என்ன சாப்பிடப் போகிறீர்கள்?'

"சோறு எங்கயும் ஓடிப்போகாதுங்க. கையில இருக்கற வேலையை முடிச்சுட்டு உண்கலாம். அன்னிக்கு அந்த மணிக்கு நான் எந்திரிக்காம இருந்திருந்தா, சென்னியண்ணனும் நானும் ஒண்ணாப் போயி உண்டிருப்போம்."

இப்போது பதில்கள் டக் டக்கென்று வரவில்லை. முட்டி மோதி, நின்று, திரும்பி வந்தன. ஒரு கேள்விக்கு அவர் இரண்டு முறை பதில் சொன்னார். முதல் முறை சொன்னதில் ஒரு வார்த்தை சரியில்லை என்று பட்டது. ஐந்து நிமிடம் முடிந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சித்ரகலா திரையைப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மறுபடியும் பார்த்தாள்.

"தொண்ணூறு சார்" என்றாள். "சரியாத் தொண்ணூறு."

"இன்னொருதரம் பாத்துருங்கம்மா" என்றார் தாமோதரன்.

அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

நீளமான நடை. ஒரு பக்கம் முழுக்கச் சோதனை மேஜைகள். மோட்டார் ஓடும் சத்தமும் ஈர இரும்பின் வாசனையும் வந்தன. பதினாறு மாதம் கழித்து அந்த வாசனை மூக்கில் ஏறியபோது அவருக்குக் கால் தானாக மெதுவானது. கடைசி அறையில் வைஜெயந்தி இருந்தாள். நரைத்த தலை, இடுப்பில் செருகிய பருத்திச் சேலைத் தலைப்பு, மேஜையில் அச்சடித்த காகிதக் கட்டு. அதன் ஓரங்களில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"உக்காருங்க தாமோதரன். தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாமுங்க."

அவள் காகிதத்தைப் புரட்டினாள். "மெஷின் கேட்டது நூத்திப்பத்து கேள்வி. எதைக் கேட்டாலும் நீங்க ஒரே ஒருத்தர்கிட்டப் போய் நிக்கறீங்க. மூணு மாசமா நான் இதை வெச்சு வெச்சுப் பாக்கறேன். எங்க கேள்வியெல்லாம் அப்புறம் இருக்கட்டும்." அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "யாருங்க இந்தச் சென்னியண்ணன்?"

தாமோதரனின் கை பழக்கத்தில் காதுக்குப் பின்னால் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கையை இறக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குப் புதன்கிழமைங்க" என்று ஆரம்பித்தார்.